மலையேறி வரும் கோச்சுக்கு

குன்னூர்

அன்புள்ள தோழிக்கு,

ஊட்டிக் காலேஜில் உடற்கல்வி இயக்குநராக உனக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று நெட்டை அக்கா போன் போட்டுச் சொன்னாள். இவ்வளவு பெரிய சேதியை அவள் வாயால் கேட்க வைத்தாயே, அதற்கு நேரில் வா, வைத்துக்கொள்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை, டீ. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஈரோட்டில் நாம் ஆடிய வாலிபால் வேறு, மலைமேல் ஆடுகிற வாலிபால் வேறு. ஊட்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2240 மீட்டர். பெண்கள் நெட் உயரம் 2.24 மீட்டர். அப்படியே ஆயிரம் மடங்கு! முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடு, ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

முதலில் பந்து. உள்காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரை என்பது உனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் 0.30 வைத்து அடித்த பந்தை மேலே கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அழுத்தம் பார்க்கிற கேஜில் 0.40-ஐத் தாண்டிவிடும். குளிரில் கொஞ்சம் இறங்கிய பிறகும் அவ்வளவு. அந்தப் பந்தில் புதுப்பிள்ளைகளுக்கு, சர்வீஸை முன்கையில் வாங்கும் ரிசீவைப் பழக்கினால் முன்கை சிவந்துபோகும். வலிக்குப் பயந்து கடைசி நொடியில் முழங்கையை மடக்குவார்கள். அது பழக்கமாகிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. ஆட்டத்துக்குக் கீழே இறங்கும்போது இது தலைகீழ். ஊட்டியில் சரியாக இருந்த பந்து கோயம்புத்தூரில் பாதி அழுத்தத்துக்கு வந்துவிடும். விரல் பதிகிற அந்தப் பந்தில் வார்ம்-அப் செய்துவிட்டு மேட்ச் பந்தைத் தொட்டால், ஸ்மாஷுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கிற செட்டருக்கு லிஃப்ட் எல்லாம் அளவு தப்பும். அதனால் கேஜும் பம்பும் எப்போதும் உன் பையிலேயே இருக்கட்டும். காற்று அடிக்கும் முன் ஊசியைத் தண்ணீரில் நனைத்து நேராக இறக்கு. காய்ந்த ஊசியைச் சாய்த்துக் குத்தினால் வால்வு கிழியும், அதோடு பந்து போச்சு.

அடுத்தது சர்வீஸ். இதைத்தான் நீ ரொம்பக் கவனிக்க வேண்டும். இங்கே காற்று அடர்த்தி குறைவு. சுழலாமல் போகிற ஃப்ளோட் சர்வீஸ் கீழே ஆடுகிற அளவுக்கு இங்கே ஆடாது, தடை குறைவதால் தூரமும் கூடப் போகும். இங்கே பின்கோட்டை ஒட்டி அழகாக விழுந்த சர்வீஸ் சமவெளியில் அதே கைவேகத்தில் ஓர் அடி, இரண்டடி முன்னாலேயே விழும். நெட்டை உரசிப் போகிறவளுக்கு நெட்டிலேயே மாட்டும். பிள்ளை பதறிப்போய் அடுத்ததை ஓங்கி அடித்து வெளியே தள்ளுவாள். ரிசீவர்களுக்கு இதைவிடக் கஷ்டம். நேராக வரும் பந்தையே பார்த்துப் பழகிய கண், சமவெளியில் பந்து நெஞ்சுக்கு முன்னால் அலைந்து இறங்கும்போது கால் நகராமல் கையை மட்டும் நீட்டும்.

இதற்கு ஒரு வழி உண்டு. எதிர்க் கோர்ட்டில் நெட்டிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி ஒரு பெஞ்ச் போட்டு அதன்மேல் நின்று நீயே தட்டையாக அடி. ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, ஒன்று உடம்புக்கு நேராக. யோசிக்க நேரம் இல்லாததால் கால் தானாக நகரப் பழகும். எந்தப் போட்டியானாலும் முந்தின நாளே கீழே இறங்கிவிடு. சாயந்திரம் ஒரு மணி நேரம் சர்வீஸும் ரிசீவும் மட்டும் போதும், ஸ்மாஷ் வேண்டாம். மேட்டுப்பாளையம் வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள், அன்றைக்கே ஆட வைத்துவிடாதே.

கோர்ட் மண் கோர்ட் என்றால் மழைநீர் வழிய மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிவை விதியே அனுமதிக்கிறது. மூடுபனியில் நனைந்த நெட் கயிறு தொய்யும். ஒவ்வொரு நாளும் நடுவில் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பி. விடியற்காலைப் பயிற்சி ஆசையை விட்டுவிடு. 10 டிகிரிக்குக் கீழே மேட்ச் நடத்தவே விதியில் இடமில்லை. டிசம்பர், ஜனவரியில் இங்கே விடியலில் புல்லெல்லாம் உறைபனி. சாயந்திரம் இருட்டும்வரை வைத்தால் எஸ்டேட் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் போய்விடும். அப்புறம் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். மூன்று மணிக்கு ஆரம்பிக்க பிரின்சிபாலிடம் முதல் வாரமே அனுமதி வாங்கு.

குளிரில் வார்ம்-அப் இருபது நிமிஷத்துக்குக் குறையக் கூடாது. முழங்கால் விஷயத்தில் கண்டிப்பாக இரு, டீ. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தால் முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழியும். அது பெண்களுக்குத்தான் அதிகம். முப்பது சென்டிமீட்டர் உயரப் பலகையிலிருந்து இரண்டு காலும் சேர்ந்து சத்தமில்லாமல் இறங்கி, முட்டி கால்விரலுக்கு நேராக இரண்டு விநாடி நிற்கட்டும். இது சரியாக வராதவளை ஸ்மாஷ் அடிக்க விடாதே, எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி. முதல் வருஷம் நாலு அடிப்பவர், இரண்டு செட்டர் என்று 4-2 போதும். ஒரே செட்டரை நம்பி 5-1 வைத்தால், அவளுக்குப் பரீட்சை வருகிற அன்று அணியே படுத்துவிடும்.

உனக்குத் தொகுப்பூதியம் என்று அக்கா சொன்னாள், கேட்டு வயிறு எரிந்தது. கோகோ, தடகளம், செஸ் எல்லாம் ஒரே ஆள் பார்க்க வேண்டும், கப்பும் வேண்டும், ஆனால் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கப் பணம் இருக்காது. போகட்டும். ஆர்டரில் பதவிப் பெயர், சேர்ந்த தேதி, முழுநேரம் என்பது மூன்றும் இருக்கிறதா பார். வருஷா வருஷம் இடைவெளி இல்லாமல் புதுப்பித்த ஆர்டரை வாங்கி வை. நாளைக்கு நிரந்தர இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவம் என்று காட்ட அந்தத் தாள்தான் இருக்கும்.

பிள்ளைகளின் தாள்களையும் அப்படியே பாதுகாக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகல் ஆளுக்கு மூன்று வைத்துக்கொள். பல்கலைக்கழக அணிக்கு ஒருத்தி ஆடிவிட்டால், மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகம் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழான படிவம் 3 வேண்டும். அவள் படிப்பு முடிந்து போகும் முன்பே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடு. கல்யாணமாகி எங்கோ போன பிறகு அந்தக் கையெழுத்துக்கு யார் அலைவார்கள்? கொழுந்து பறிக்கிற அம்மா பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புகிறாள். அந்தத் தாள் கைக்கு வராவிட்டால் அவள் கொடுத்த காசு வீண்.

வரும்போது கேஜ் ஒன்று, ஊசி ஒரு டஜன், முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்கி வா, இங்கே தேடி அலைய வேண்டாம். நேரே ஊட்டி போகாமல் குன்னூரில் இறங்கிவிடு. மறுநாள் சேர்ந்தே போய்க் கோர்ட்டை அளந்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய செட்டர்