‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று யாரிடம் சொல்கிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் பொதுவான சொல் ‘அட்ஜஸ்ட்’. ஓசூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்கார வருபவர், ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்பார். பெங்களூரு பஸ் என்றால் ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’. கைமாற்றுக் கேட்பவரும் ‘ஒரு ஆயிரம் அட்ஜஸ்ட் பண்ண முடியுமா?’ என்றுதான் ஆரம்பிப்பார். இதில் எனக்குக் குறையில்லை. கேட்பவர் தயங்கித்தான் கேட்கிறார், முடியாது என்று சொல்ல நமக்கும் வழியிருக்கிறது.

இங்கிலீஷில் நாற்காலி உயரத்தையோ கடிகார முள்ளையோ சரியாகப் பொருந்தும்படி மாற்றி வைப்பதற்குப் பெயர் அட்ஜஸ்ட். மனிதர் என்றால், புது இடத்துக்குப் பழகிக்கொள்வது. அடி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிரு என்ற அர்த்தம் அதில் கிடையாது. அதை நாம்தான் சேர்த்தோம், அதுவும் பெண்களுக்கு மட்டும்.

புருஷன் அடித்தான் என்று தாய்வீட்டுக்கு வந்த பெண்ணிடம், ‘ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாப்போகும், அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா’ என்கிறார்கள். பெரியவர்கள் கூடிப் பேசினாலும் அதே பேச்சு. அவனைப் பார்த்து, ‘உன் குடியை அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று ஒருவரும் சொல்வதில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போதும் அவளுக்குக் கிடைக்கும் புத்திமதி இதுதான். மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024-ல் வெளியானபோது, ‘அட்ஜஸ்ட்மெண்ட்’ என்ற பெயரில் அங்கே பெண்களிடம் எதைக் கேட்டார்கள் என்று ஊரே படித்தது.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலாகத் தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான். இந்த மண்ணின் பெண்கள் பேங்க் மேனேஜரிடம் நேருக்கு நேர் பேசிக் கடன் வாங்கியவர்கள், கணக்கு எழுதியவர்கள். அவர்களே மகளிடம் இந்தச் சொல்லைச் சொல்லும்போதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. குழுக் கூட்டத்தில் வட்டிக் கணக்கோடு இதையும் பேச வேண்டும். 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அடிப்பது மட்டுமல்ல, கேவலமாகத் திட்டுவதும் வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் வன்முறைதான்.

உங்கள் கேள்வி-பதில் பகுதியிலும் ‘கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்’ என்ற பதிலை அடிக்கடி பார்க்கிறேன். அடி, உதை என்று எழுதிக் கேட்கும் பெண்ணுக்கு அந்தப் பதில் வேண்டாம். இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும் 181 மகளிர் உதவி எண்ணையும், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் அந்தச் சட்டப்படி உதவப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதையும் அந்த இடத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.