வேதாகமத்தின் கடைசித் தாளில் நான்கு பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உறவுகள் எல்லாம் ஒதுங்கிய பிறகு ‘கடவுள் இருக்கிறார்’ என்று சொல்வது வெறும் சமாதானப் பேச்சுதானே என்று தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். யாங்கோனில் (ரங்கூனில்) பிறந்து, இன்றும் இங்கேயே வாழ்கிற, எழுபது வயதைக் கடந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண் நான். அவருடைய கேள்வி எங்கள் வீட்டிலும் கேட்கப்பட்ட கேள்விதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

1964 மார்ச் மாதம் பர்மாவின் இராணுவ ஆட்சியாளர் நெ வின்னின் அரசு கடைகளை அரசுடைமையாக்கியபோது என் தந்தையாரின் சிறிய மளிகைக் கடையும் போயிற்று. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள்; தகரப்பெட்டியில் இருந்த சேமிப்பில் பெரும்பகுதி வெறும் காகிதமாயிற்று. இந்தியர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பல் ஏறிய அந்த நாட்களில் என் தாய்மாமன்மார் நால்வரும் சென்னைக்குப் புறப்பட்டார்கள். பக்கவாதத்தில் படுத்திருந்த தந்தையாரை விட்டுப் போக முடியாத அம்மா, துறைமுகம் வரை சென்று வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். ஒரு மாதத்தில் அழைத்துக்கொள்கிறோம் என்று சொன்னவர்களிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை.

அதன்பின் அம்மா இட்லி விற்று எங்களை வளர்த்தார். விடியற்காலை அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றிவிட்டு, அது வேகும் நேரத்தில் வேதாகமத்தின் 27ஆம் சங்கீதத்தை மெல்லிய குரலில் வாசிப்பார். தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்ளுவார் என்கிற பத்தாம் வசனத்தின் மேல், மாவு படிந்த விரல் பட்டுப் பட்டுத் தாள் மங்கிப்போயிருந்தது. ‘மனிதர் கைவிடமாட்டார்கள் என்று வேதம் பொய் சொல்லவில்லை, பார்த்தாயா?’ என்பார். அந்த உண்மையைச் சொல்லிவிட்டுத் தரும் ஆறுதல் என்பதாலேயே அவரால் அதை நம்ப முடிந்தது.

ஆனால் கர்த்தர் இருக்கும்போது மனிதருக்காக ஏங்குவது விசுவாசக் குறைவு என்று சிலர் புத்தி சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. பவுல் அப்போஸ்தலர், முதல் விசாரணையில் எல்லாரும் தம்மைக் கைவிட்டார்கள் என்றும், கர்த்தரோ தமக்குத் துணை நின்றார் என்றும் சிறையிலிருந்து தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அதே கடிதத்தில்தான் துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படியும், மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரும்படியும் கெஞ்சுகிறார். குளிரும் தனிமையும் அவருக்கு இல்லாமல் போகவில்லை. கைவிட்டவர்கள் மேல் அந்தக் குற்றம் சுமத்தப்படக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும், துணை நின்றவர் அவர் மனத்தைக் கசப்பில்லாமல் காத்திருக்கிறார்.

அம்மா இறந்த பிறகுதான் அவருடைய வேதாகமத்தின் கடைசி வெற்றுத் தாளைப் பார்த்தேன். மாமன்மார் நால்வரின் பெயர்களும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. மங்க மங்க மேலே மேலே எழுதியதில் எழுத்துகள் தடித்துப்போயிருந்தன. எங்களைத் திரும்பிப் பாராதவர்களுக்காக அவர் நாள்தோறும் ஜெபித்திருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வேலை தேடி அயல்நாடு சென்ற என் இரு மகன்களிடமிருந்தும் இப்போது தொலைபேசி அழைப்பு வருவது அரிதாகிவிட்டது. அந்த நான்கு பெயர்களுக்குக் கீழே அவர்களுடைய பெயர்களையும் எழுதிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
யாங்கோன் வாசகி ஒருவர்