கரிசலில் கொட்டிய சாம்பல்

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்தது நிம்மதி.

மார்த்தாண்டத்தில் உங்கள் அடுப்பில் சேரும் ரப்பர் விறகுச் சாம்பலை மரங்களுக்குப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம். ஆனால் முதலில் என் எலுமிச்சைக்கு நடந்ததைக் கேள்.

கோவில்பட்டிப் பக்கத்து எங்கள் கரிசலில் 2 வருடமாக மரத்துக்கு மரம் கூடை கூடையாகச் சாம்பல் கொட்டினேன். அம்மா அவரைக்கொடிக்குச் சாம்பல் தூவுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். போன ஆவணியில் தளிரெல்லாம் வெளுத்துவிட்டது. இலை நரம்பு மட்டும் பச்சை. மண்ணைப் பரிசோதித்தால் கார அமில நிலை 8.6. 7-க்கு மேல் போனாலே காரம். கரிசலில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம். விறகுச் சாம்பலும் பெரும்பாலும் சுண்ணாம்புதான். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போயிற்று. அன்னபேதி என்ற இரும்பு உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து 2 முறை தெளித்தேன். இப்போது வரும் தளிர் பச்சையாக இருக்கிறது. தினமும் காலையில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் நிலம் வேறு. மழை அடித்து அடித்துச் சுண்ணாம்பு கரைந்துபோன செம்மண். அங்கே சாம்பல் மண்ணின் புளிப்பை முறிக்கும், பொட்டாஷும் கொடுக்கும். நம் ஆட்கள் பொட்டாஷுக்கு வைத்த பெயரே சாம்பல் சத்துதானே! பலாவுக்குத் தாராளமாகப் போடு. தூரை ஒட்டிக் கொட்டாமல் கிளை பரவிய இடம் முழுக்கத் தூவி, லேசாகக் கொத்திவிடு. சதுர மீட்டருக்கு 100 கிராம், வருடத்துக்கு ஒரு தடவை போதும். ரம்புட்டானுக்கு மட்டும் வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்.

நேந்திரன் வாழைக்குச் சாம்பல் மட்டும் போதாது. ஒரு வாழைக்குச் சுமார் 300 கிராம் சாம்பல் சத்து வேண்டும். நல்ல விறகுச் சாம்பலிலேயே 100க்கு 5 பங்கு இருந்தால் பெரிது. அப்படியானால் வாழைக்கு 6 கிலோ கொட்ட வேண்டும். எந்த மண்ணும் தாங்காது. தழைச்சத்து அதில் கிடையவே கிடையாது. அதற்காக யூரியாவைச் சாம்பலோடு கலந்துவிடாதே, அம்மோனியாவாகப் பறந்துவிடும். சில வாரம் இடைவெளி விடு.

சாம்பல் மழையில் நனைந்தால் சத்து கரைந்து ஓடிவிடும். மூடி போட்ட டிரம்மில் வை. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எரித்த சாம்பலை அதில் சேர்க்கவே கூடாது.

சரி, மண்ணை ஒரு தடவை பரிசோதித்து கார அமில நிலை எவ்வளவு என்று எனக்கு எழுது. கண் ஆபரேஷன் முடிந்ததும் பங்குனி வாக்கில் வருகிறேன். 2 பேரும் சேர்ந்தே பலாவுக்குத் தூவலாம்.

அன்புடன்,
முருகேசன்