இரண்டாவது அம்மீட்டர்

அன்புள்ள மகளுக்கு,

பல்பில் மின்னோட்டம் செலவாகிவிடுவதில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று நீ கேட்டு இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி நான்தான் தொலைபேசியை வைத்தேன். அதன் பிறகு நீ அழைக்கவில்லை. வேலை மிகுதியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அண்ணன் உன் வேலையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் பேச்சை மாற்றிவிட்டேன். நீயாகச் சொல்லாததை இன்னொருவர் வாயால் கேட்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் கையில் கருவிகளைக் கொடுக்கும்போது, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை எவரும் மின்கலத்தின் இரு முனைகளுக்கும் நேராக இணைத்துவிடாமல் பார்த்துக்கொள். அதன் மின்தடை மிகமிகக் குறைவு என்பதால், பல்பு ஏதும் குறுக்கே இல்லாமல் இணைத்த மறுகணமே அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து முள் ஒரு கோடிக்கு ஓடி வளைந்துவிடும். கம்பியை மாற்றும் முன் சுற்றைத் திறந்து மூடும் சாவியை எடுக்கச் சொல். உனக்கு இதெல்லாம் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

இனி உன் கேள்வி. எல்லோரும் தண்ணீர்க் குழாயை உவமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. குழாயை அறுத்தால் தண்ணீர் கொட்டும், கம்பியை அறுத்தால் மின்னோட்டம் நின்றுபோகும் என்ற ஒரு வேறுபாடே பிள்ளைகளைக் குழப்பப் போதும். அதைவிட நம் வீட்டுத் தையல் இயந்திரத்தைச் சொல். மிதிபலகையை மிதித்தால் கீழ்ச்சக்கரம் சுழல்கிறது, தோல்பட்டை மேலே போய்ச் சிறிய சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கீழே திரும்புகிறது. மேலே போன பட்டையில் ஓர் அங்குலம்கூடக் குறையாமல் அத்தனையும் திரும்பி வருகிறது. ஆனால் துணி தைபடுகிறது, மிதிக்கிறவளின் கால் வலிக்கிறது. செலவானது காலின் ஆற்றலே தவிர பட்டை அல்ல. பட்டை எந்த இடத்தில் அறுந்தாலும் முழுவதும் நின்றுவிடும் என்பதும் பொருந்துகிறது. ஆனால் கால் ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டிருப்பதுபோல மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது. பக்க இணைப்பில், அதாவது தனிக் கிளையாக, இன்னொரு பல்பைச் சேர்த்தால் மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் கூடுகிறது, தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, சேர்த்தால் குறைகிறது. உவமை அந்த இடம் வரைக்கும் வராது.

இதே பட்டையை வைத்து இன்னொன்றையும் விளக்கலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது, எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். அப்படியானால் சாவியைப் போட்டதும் பல்பு எரிவது எப்படி என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், கேட்கவும் வேண்டும். எலக்ட்ரான்கள் மின்கலத்திலிருந்து கிளம்பிப் பயணம் செய்து பல்புக்கு வந்து சேரவேண்டியதில்லை. கம்பி நெடுகிலும், பல்பின் இழைக்குள்ளும், அவை ஏற்கெனவே இருக்கின்றன. சுற்று மூடியதும் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மின்புலம் பரவ, எல்லா இடத்திலும் ஒருசேர நகரத் தொடங்குகின்றன. மின்னோட்டத்தின் திசை எலக்ட்ரான் நகரும் திசைக்கு எதிரானது என்பதைக் கடைசியில் சொன்னால் போதும். மின்னூட்டத்துக்கு நேர், எதிர் என்று அமெரிக்கரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெயரிட்ட காலத்தில் எலக்ட்ரானை யாரும் அறிந்திருக்கவில்லை. ஆங்கிலேய இயற்பியலாளர் தாம்சன் அதைக் கண்டறிந்ததே 1897-இல்தான்.

கம்பிகள் கூடும் இடத்துக்கான சந்தி விதியை 1845-இல் வெளியிட்டபோது ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்ச்சாஃப் ஒரு மாணவர். ஒரு சந்திக்கு எவ்வளவு மின்னோட்டம் வருகிறதோ அவ்வளவும் வெளியேற வேண்டும் என்பதைப் பிள்ளைகளே அளந்து கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொண்டு சொல்லாதே. அம்மீட்டர் விஷயத்தை மறந்துவிடாதே; பல்பு குறுக்கே இல்லாமல் இணைக்க விடாதே.

உன் கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், நீ சிறுவயதில் சுற்று கட்டிய பொருட்கள் இருக்கும் அந்தத் தகரப் பெட்டி.

உனக்கு அப்போது பதின்மூன்று வயது. இரண்டு டார்ச் பல்புகளைத் தொடரிணைப்பில் கட்டி, இரண்டு மின்கலங்களை வைத்து, முன்னால் ஒரு அம்மீட்டரும் பின்னால் ஒரு அம்மீட்டரும் இணைத்திருந்தாய். இரண்டும் 0.22 ஆம்பியர் காட்டின. முதல் பல்பு கொஞ்சத்தைச் செலவழித்துவிடும், இரண்டாவதற்குக் குறைவாகத்தான் போகும் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நீ மின்கலங்களைத் திருப்பிப் போட்டுவிட்டு, "இப்போது அந்தப் பல்புதானே அம்மா அதிகமாக எரிய வேண்டும்? இரண்டும் ஒரே மாதிரி எரிகிறதே" என்று கேட்டாய். நான் கருவி பழுது என்றேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உன் நோட்டை வாங்கி, இரண்டாவது அளவை அடித்து, சிவப்பு மையில் 0.18 என்று எழுதினேன். உன் தோழிகள் முன்னிலையில், அளக்கத் தெரியாதவள் என்றும் சொன்னேன்.

நான் கணக்கு ஆசிரியை. அறிவியல் பாடத்தையும் என் தலையில் கட்டினார்கள். ஓம் விதியில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை போட்டுவிடுவேன், ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. நான் எழுதிய 0.18 உண்மையாக இருந்திருந்தால் அந்தச் சிறு பல்புகளில் நொடிக்கு 0.04 கூலும் மின்னூட்டம், அதாவது ஏறத்தாழ 2.5 × 10¹⁷ எலக்ட்ரான்கள், தேங்கிக்கொண்டே போயிருக்க வேண்டும். தேங்கிய மின்னூட்டம் பின்னால் வருவதை விலக்கித் தள்ளும். கண்ணிமைப்பதற்குள் சுற்றே நின்றுபோயிருக்கும். நடந்தது வேறு: மின்கலங்கள் ஒவ்வொரு கூலுமுக்கும் கொடுத்த 3 ஜூல் ஆற்றலை இரண்டு பல்புகளும் பாதிப்பாதியாக ஒளியும் வெப்பமுமாக்கின, மின்னூட்டம் முழுவதும் திரும்பிப் போனது. நீ சரியாகவே அளந்திருந்தாய்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பயிற்சி ஒன்றில் எங்களையே இரண்டு அம்மீட்டர்களை இணைக்கச் சொன்னார்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்டியபோது எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்தால் நீ கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். சொல்ல நினைத்துச் சாப்பிடக் கூப்பிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ எதையும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். மதிப்பெண் அட்டையை மட்டும் நீட்டுவாய், நான் கையெழுத்துப் போடுவேன். கல்லூரியில் இயற்பியல் எடுக்கப்போகிறாய் என்பதைக்கூட அப்பா சொல்லித்தான் அறிந்தேன். அன்று எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. நீயும் ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லியிருக்கலாம்.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டு உனக்குப் பதில் வராமல் போயிருந்தால், மறுநாள் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிடு. இருபத்தொன்பது ஆண்டுகள் வகுப்பில் நின்ற நான் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வேறு ஏதாவது நடந்திருந்தாலும், எவரேனும் எதுவும் சொல்லியிருந்தாலும், என்னிடம் சொல்; நான் திருத்த மாட்டேன்.

அப்பா நலம். பெட்டியில் இருந்த மின்கலங்கள் கசிந்துவிட்டதால் எடுத்துப் போட்டுவிட்டேன். அம்மீட்டர்கள் இரண்டும் வேலை செய்கின்றன, நானே இணைத்துப் பார்த்தேன். அவற்றையும் உன் நோட்டையும் அனுப்புகிறேன். நான் சிவப்பு மையில் அடித்த இடத்தில் நீ பென்சிலால் எழுதிய 0.22 இன்னும் தெரிகிறது.

அன்புடன்,
அம்மா