பல்லில் ஒட்டும் அழகு

ஐயா, அழகு நிலையங்களில் பல்லின் முன்பக்கத்தில் போலி வெனீர் என்னும் மெல்லிய ஓட்டை ஒட்டுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நகப்பூச்சு மாதிரி, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்று எங்கள் தோட்டப்புறப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பீங்கான் வெனீர் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஓடு. அதைப் பொருத்தப் பெரும்பாலும் பல்லின் கடினமான மேற்படலமான எனாமலைச் சீவ வேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது. சொத்தையோ ஈறு நோயோ இருந்தால் அதை முதலில் குணப்படுத்தியாக வேண்டும். இதையெல்லாம் பார்க்கத் தெரிந்தவர் பல் மருத்துவர்தான். பதிவு பெறாதவர்கள் பல் சிகிச்சை செய்வதை மலேசியாவின் 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

என் தங்கை மகள் கல்யாணத்துக்கு முன் ஒரு வீட்டில் ஆறு பல்லுக்கு ஒட்டிக்கொண்டாள். பசை பல்லிடுக்கை அடைத்துவிட்டது, நூல்கூட நுழையவில்லை. மூன்றாம் மாதம் பல் துலக்கினாலே ரத்தம். தீபாவளிக்கு முறுக்கைக் கடிக்கப் பயந்து காப்பியில் நனைத்துத் தின்றாள், பாவம். அப்புறம் அதை எடுக்கத் தனிச் செலவு. அரசாங்கப் பல் மருத்துவ ஊழியர்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களுக்கு வந்து இதைத் தமிழில் விளக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் மருத்துவர் தொழில் செய்ய ஆண்டுதோறும் பெறும் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கவும் சொல்லித்தர வேண்டும்.

– வாசகர், சுங்கை சிப்புட்