பெயர் அதேதான், ஆள்தான் வேறு

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் இருக்கும் பகுதிக்குக் கிங் கவுண்டி என்று பெயர், கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. 1852-இல், அப்போதுதான் அதிபர் தேர்தலில் வென்றிருந்த பியர்ஸ், துணை அதிபராகத் தேர்வான வில்லியம் ரூஃபஸ் கிங் ஆகிய இருவரின் பெயரையும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகளுக்கு வைத்தார்கள். இந்தக் கிங் அலபாமாக்காரர், அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர். பதவியேற்ற சில வாரங்களிலேயே இறந்தும் போனார்.

அப்புறம் 1986-இல் கவுண்டி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது: இனி இந்தப் பெயர் மார்ட்டின் லூதர் கிங்கைக் குறிக்கும் என்று! ஐந்துக்கு நான்கு வாக்கில்தான் அது நிறைவேறியது, மாநிலச் சட்டமாக 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதன் பிறகே சின்னத்தில் இருந்த கிரீடம் போய் அவர் முகம் வந்தது. பெயர்ப் பலகையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது, ஒரு மக்கள் கூட்டம் தான் யாரை மதிக்கிறது என்பதை நூறு வருஷம் கழித்தும் திருத்திக்கொண்டிருக்கிறது.

அதே மாநிலத்தில் யாக்கிமா, ஸ்னோஹோமிஷ், ஸ்போகேன் என்று பூர்வகுடிகளின் பெயரைத் தாங்கிய கவுண்டிகளும் உண்டு. அவற்றைப் பற்றியும் உங்கள் ஞாயிறு இணைப்பில் விரிவாக எழுதுங்கள்.