மோஷன் டப்பாவோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) எழுதுகிறேன். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். போன மழைக்காலத்தில் முகம் வெளிறி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தம் குறைவு என்று சொன்ன டாக்டர், கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்க மோஷன் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். அவர் செய்தது சரிதான். செருப்பில்லாமல் ஈர மண்ணில் நிற்பவர்களின் காலில் தோல் வழியாகப் புகுந்து, கடைசியில் குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற புழு அது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் மனசு ஆறவில்லை. லேபில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, "காலையில மோஷன் கொண்டு வாங்க" என்றார்கள். அவ்வளவுதான். பின்னால் ஆண்கள் வரிசையாக நிற்கும்போது அம்மா எதைக் கேட்பார்? டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்து லைன் அக்கா கொண்டுபோனதை, "தண்ணி கலந்திருக்கு, வேற கொண்டு வா" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைய கூலியும் போச்சு. அவர் அந்தப் பக்கம் மறுபடி போகவே இல்லை.

எங்கள் லைனில் கக்கூஸ் பொது. எப்போதும் ஈரத் தரை, பக்கத்தில் வாளித் தண்ணீர். விடியும் முன்னே யானைக்குப் பயந்து யாரும் வெளியே இறங்குவதில்லை. இதில் தண்ணீர் படாமல் எப்படி எடுப்பது? கோவையில் நர்ஸாக இருக்கும் சித்தி மகளிடம் போனில் கேட்டேன். முதலில் ஒன்றுக்குப் போய்விட வேண்டும், சிறுநீர் கலக்கக் கூடாது. பழைய பிளாஸ்டிக் பேசினைக் கழுவி நன்றாகக் காயவைத்து அதில் போகலாம். பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் அதில் இருக்கக் கூடாது. டப்பா மூடியில் இருக்கிற சின்னக் கரண்டியால் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்தால் போதும், நிரப்ப வேண்டாம். சளியோ ரத்தமோ தெரிந்தால் அந்த இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். மூடியை இறுக்கி, பெயரும் எடுத்த நேரமும் எழுதி, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முழங்கால் மடங்காத அம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் சேலையைத் திரையாகக் கட்டிக் கொடுத்தேன். இவ்வளவையும் சொல்ல அவளுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எடுத்த பிறகு நேரம் முக்கியம். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. நாள் முழுக்க வெளியில் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்தே விடுமாம். சீதபேதிக்கு அமீபா என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் அரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும். எங்கள் பஸ்ஸை நம்பி அது நடக்காது. அதனால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காலையில் வாங்கிப் பார்க்க ஏற்பாடு வேண்டும்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு டெஸ்ட். அதன் பழைய முறையில் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி மட்டுமல்ல, நம் மலையில் விளைகிற முள்ளங்கியும் டர்னிப்பும்கூட முடிவை மாற்றிவிடும். புது முறைக்கு அந்தப் பத்தியம் இல்லை. எந்த முறை என்று லேப்காரர்கள்தானே சொல்ல வேண்டும்? இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுத்துப் போகும் என்பதையும் யாரும் சொல்லாததால் அம்மா ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்தார்.

சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை இதுதான். டப்பாவோடு தமிழில் ஒரு அரைப்பக்கச் சீட்டு, படம் போட்டுக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் எங்கள் லைன்களிலும் இருக்கிறார்கள், பணியர் பழங்குடி மக்களின் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். பெண்களுக்கு ஒரு பெண் ஊழியர் தனியாகக் கூப்பிட்டு, மெதுவான குரலில் சொல்லட்டும். திருப்பி அனுப்ப வேண்டியிருந்தாலும் அதே குரலில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.